கடலை காயும் முற்றமும் தவழும் குழந்தையும்: முதலாண்டில் வீட்டிலேயே காத்திருக்கும் அபாயங்கள்

சித்தூர்/திருப்பதி: மழையை நம்பி விதைத்த வேர்க்கடலையைப் பறித்து, களத்திலும் முற்றத்திலும் உலர்த்தும் காலத்தில், சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கிராமத்து வீடுகளில் தரையெங்கும் கடலை சிதறிக் கிடப்பது வழக்கம். ஏழெட்டு மாதங்களில் தவழத் தொடங்கும் குழந்தை, கைக்கு அகப்படும் எதையும் வாயில் வைத்துத்தான் அறிந்துகொள்கிறது. கடைவாய்ப் பற்கள் முளைக்க ஒரு வயது கடக்க வேண்டும் என்பதால், கடலையை அரைத்து விழுங்க அதனால் இயலாது. மூச்சுக்குழாய்க்குள் சிக்கும் அயற்பொருள்களில் மருத்துவர்கள் அடிக்கடி காண்பது இந்தக் கடலையைத்தான்.

கடலை உள்ளே சென்றால் என்ன நடக்கும்?

முதலில் திடீரெனக் கடும் இருமல் வரும். சற்று நேரத்தில் அது அடங்கிவிடுவதும் உண்டு. அந்த அமைதிதான் பெற்றோரை ஏமாற்றுகிறது. கிளைக்குழாயில் தங்கிய கடலை ஈரத்தில் உப்புகிறது; அதன் எண்ணெய் சளிச்சவ்வை அழற்சியடையச் செய்கிறது. எக்ஸ்ரே படத்தில் கடலை நேரடியாகத் தெரியாது. ஆகவே ஆறாத இருமல், ஒரு பக்க நுரையீரலில் மட்டும் கேட்கும் இரைப்பு, திரும்பத் திரும்ப வரும் நிமோனியா என வாரக்கணக்கில் சளிக்கே சிகிச்சை பெறும் குழந்தைகள் உண்டு. "தவழும் இடத்தில் கடலை இருந்தது, அன்று திடீரென இருமியது" என்று பெற்றோர் சொல்லும் ஒரு வாக்கியம், பல பரிசோதனைகளைவிட மருத்துவருக்கு உதவும். மூச்சுக்குழாய் உள்நோக்கிக் கருவி மூலமே அதனை வெளியே எடுக்க முடியும். புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, பொத்தான் வடிவ பேட்டரி ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடக்கூடும்.

குழந்தை சத்தமாக இருமினாலோ அழுதாலோ காற்று உள்ளே செல்கிறது என்று பொருள். அப்போது முதுகில் தட்டாமல் இரும விட வேண்டும். குரலே எழாமல் முகம் நீலம் பாய்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்ட வேண்டும். பின்னர் மல்லாத்தி, மார்பின் நடுவே, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளியேறும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்ய, அருகிலிருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழத்துக்குச் செல்லும்.

இதனால் கடலையே ஆகாது என்பதில்லை. ஆறு மாதம் நிறைந்தபின், வறுத்து மையாக அரைத்த கடலையைக் கேழ்வரகுக் கூழில் கலந்து ஊட்டலாம். முழுக் கடலையும் உடைத்த கடலையும்தான் கூடாதவை.

உறங்கும் இடம்

குழந்தையை மல்லாந்து படுக்க வைக்க வேண்டும் என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட அறிவுரை. அமெரிக்காவில் 1994-ல் இதற்கான பிரசாரம் தொடங்கியபின், உறக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. கெட்டியான, சமமான விரிப்பே போதும். தலை உருண்டையாக வேண்டும் என வைக்கப்படும் கடுகுத் தலையணையும், குழந்தையைச் சுற்றி அடுக்கும் துணிகளும் தேவையற்றவை.

சேலையில் கட்டும் ஏணையை விட்டுவிடச் சொன்னால் எந்தப் பாட்டியும் கேட்கப் போவதில்லை. ஆனால் அதில் குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தி மூச்சு தடைபடக்கூடும் என்பதால், உறங்கியதும் தரை விரிப்புக்கு மாற்றுவது நல்லது. மூத்த குழந்தைகள் தனியே ஏணையை ஆட்டவும், தொங்கும் கயிற்றில் விளையாடவும் விடக்கூடாது. புரளத் தொடங்கிய குழந்தைக்கு ஏணை ஏற்றதன்று.

எண்ணெயும் வசம்பும்

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் மறையவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால், எண்ணெயால் வரும் தனிவகை நிமோனியா ஏற்படும். மூக்கில் வாய் வைத்து ஊதுவதால் பெரியவர்களின் கிருமி குழந்தைக்குச் செல்கிறது. உடலில் எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை.

பேர் சொல்லாதது, பிள்ளை மருந்து என்றெல்லாம் தமிழர் அழைக்கும் வசம்பைத் தெலுங்கர் 'வச' என்பர். அதைக் கொடுத்தால் குழந்தை விரைவில் பேசும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் உண்டு. அதிலுள்ள அசரோன் என்னும் வேதிப்பொருள் நஞ்சாகலாம் என்பதால், 1968-ல் அமெரிக்கா அதனை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டியதில்லை. தேனை ஒரு வயது நிறையும் வரை நாவில் தடவவும் கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரி குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். காய்ச்சாத கழுதைப்பாலும் நோய்த்தொற்றுக்கு வழிவகுக்கும்.

வாளி, நடைவண்டி

6 சென்டிமீட்டருக்கும் குறைவான தண்ணீரில்கூடச் சிறு குழந்தை மூழ்கிவிடக்கூடும். பயன்படுத்தியதும் வாளியைக் கவிழ்ப்பதும், தரைத்தொட்டி மூடியைப் பூட்டுவதும் செலவில்லாத பாதுகாப்பு. தண்ணீர் சூடாக்கும் மின்கம்பியை வாளியில் போட்டுவிட்டு அகலக்கூடாது. உள்ளே அமர்த்தித் தள்ளவிடும் வாக்கரைக் கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் அது இன்னும் தொங்குகிறது. படிக்கட்டும் அடுப்பும் உள்ள வீட்டில் அது வேகமான ஆபத்து.

எப்போது மருத்துவமனைக்கு?

பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, மூச்சிழுக்கும்போது விலா குழிதல், உடல் சில்லிடுதல், உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல் ஆகியவை காத்திருக்க இடம் தராத அறிகுறிகள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ, அதன்பின் ஒரு வயது வரை 50 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டாலும் உடனே செல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு மருந்து கூடாது.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 42 நாள்களுக்குள் 6 முறை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். திருப்பதி ரூயா மருத்துவமனை, சித்தூர் அரசு மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில், ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைகளுக்கான சிகிச்சையும், சென்று திரும்பும் வாகன வசதியும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் இலவசம்.