நான்கு சேவல்களும் மெக் என்னும் மரபணுவும்

செஞ்சியின் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு, சுற்றுப்பட்டு ஊர்களில் ஆடும் கோழியும்தான் அவசரக் கைச்செலவுக்கான பணம் என்பது தெரியும். அப்படி வளர்த்த கோழி ஒரு நாள் ஒரு காலை முன்னே நீட்டி, மற்றதைப் பின்னே இழுத்துக்கொண்டு படுத்துவிட்டால், 'வாதம் அடிச்சிடுச்சு' என்பார்கள். கோழிக்கு வாதம் வரக் காரணங்கள் பல. இந்த வாரக் கதை அவற்றில் ஒன்றான மேரக்ஸ் நோயைப் பற்றியது.

1907-இல் புடாபெஸ்டில் யோசெஃப் மேரக் என்ற கால்நடை மருத்துவர், காலும் இறக்கையும் முடங்கிய நான்கு சேவல்களைப் பற்றி எழுதினார். நரம்புகள் தடித்திருந்தன, அவர் அதை நரம்பழற்சி என்றே கருதினார். அது புற்றுநோயாகவும் மாறும் என்பது பின்னால்தான் புரிந்தது. நோய்க்குக் காரணமான ஹெர்ப்பிஸ் வகை வைரஸை இங்கிலாந்தின் ஹௌட்டன் ஆய்வகத்தில் சர்ச்சிலும் பிக்ஸும் கண்டுபிடித்தது 1967-இல்.

வைரஸால் புற்றுநோய் வரும் என்று உலகுக்கு முதலில் சொன்னதும் கோழிதான். 1908-இல் கோபன்ஹேகனில் எல்லர்மானும் பாங்கும் கோழியின் ரத்தப் புற்றைச் செல்களே இல்லாத வடிநீரால் இன்னொரு கோழிக்குக் கடத்திக் காட்டினார்கள். 1911-இல் நியூயார்க்கில் பெய்ட்டன் ரௌஸ் கோழியின் சதைக்கட்டியில் அதையே செய்தார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஆண்டு 1966, அவருக்கு வயது 87. கோழி விஷயம்தானே என்ற அலட்சியமும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். மனிதரின் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களைப் புற்றாக்கும் ஹெச்.டி.எல்.வி-1 வைரஸ் பற்றிய முதல் அறிக்கை 1980-இல்தான் வெளிவந்தது.

மேரக்ஸ் வைரஸ், இறகின் வேர்ப்பையிலிருந்து உதிரும் தூசியோடு மூச்சில் நுழைகிறது. முதலில் பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களில் பெருகி அவற்றை அழிக்கிறது. பிறகு டி செல்களுக்குள் போனதும் அதன் போக்கு மாறிவிடுகிறது. செஞ்சிக் கோட்டையின் கதையோடு இதை ஒப்பிடலாம். எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698-இல் செஞ்சியைப் பிடித்த முகலாயர் கோட்டையைத் தகர்க்கவில்லை. நுஸ்ரத்கட் என்று பெயரை மாற்றிக்கொண்டு, தலைமையிடம் ஆற்காட்டுக்குப் போகும்வரை அங்கிருந்தே ஆண்டார்கள். அதேபோல வைரஸும் டி செல்லைக் கொல்லாமல் அதன் குரோமோசோம் நுனியில் தன் மரபணுத் தொகுதியை இணைத்துவிட்டு அடங்கிக் கிடக்கிறது.

அங்கிருந்து சில செல்களைப் புற்றாக்குவதில் முதன்மையானது 'மெக்' என்ற மரபணு. அதை 1992-இல் அடையாளம் கண்டார்கள். அது தரும் புரதம், செல்லின் சொந்தப் புரதமான ஜூன் என்பதோடு ஜோடி சேர்ந்து, 'பெருகு' என்ற கட்டளையை நிறுத்தாமல் நீட்டிக்கிறது. சாக வேண்டிய செல்லைச் சாகவும் விடுவதில்லை. மெக்கை நீக்கிய வைரஸைக் கோழிக்குள் செலுத்தினால் அது பெருகுகிறது, ஆனால் கட்டி வருவதில்லை. இதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்னொரு மரபணுவும் உண்டு. குரோமோசோம் நுனி தேயாமல் காக்கும் டெலோமரேஸின் ஆர்.என்.ஏ பகுதிக்கான வைரஸ் மரபணு, கோழியுடையதோடு 88 சதவீதம் ஒத்துப்போகிறது. எப்போதோ கோழியிடமிருந்தே எடுத்துக்கொண்ட சரக்கு அது. (இந்த வைரஸ் மனிதருக்கு நோய் தருவதில்லை, பயப்பட வேண்டாம்.)

தடுப்பூசி சீக்கிரமே வந்துவிட்டது. வான்கோழியின் தீங்கற்ற உறவுக்கார வைரஸைக் கொண்டு 1970-இல் உருவானது. புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி என்று அதைச் சொல்வார்கள். ஆனால் அது கட்டியைத் தடுக்கிறதே தவிர வைரஸ் தொற்றுவதை முழுதாகத் தடுப்பதில்லை. மிகக் கடுமையான வைரஸ் வகைகள் தடுப்பூசி போடாத கோழிகளைப் பத்து நாளில் கொன்றன. போட்ட கோழிகளோ உயிரோடிருந்து அதே வைரஸை வெளியே உதிர்த்தன. இந்த ஆய்வு முடிவை ஆய்வாளர் ஆண்ட்ரூ ரீடின் குழு 2015-இல் வெளியிட்டது.

நாமக்கல் பக்கத்துக் குஞ்சுப் பொரிப்பகங்களில் பிறந்த நாளன்றே கழுத்துத் தோலுக்கடியில் இந்த ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். பரவலாகப் பயன்படும் வகையைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்க வேண்டும். உருக்கியபின் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு குப்பி பெரும்பாலும் ஆயிரம் குஞ்சுகளுக்கானது. செஞ்சிப் பக்கம் கூடைக்குள் அடைகாக்கும் நாட்டுக்கோழி பொரிப்பதோ எட்டோ பத்தோ. அந்தக் கணக்கில் குப்பியை யார் உடைப்பார்கள்?