அந்த ஒரு மணி நேரம்

மறைமலை நகரில் ப்ளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடுகளில் அரை மார்க்குக்கு இருக்கிற மரியாதை தெரியும்தானே? அதனால்தான், ‘அந்தப் பையனுக்கு மட்டும் எதுக்குக் கூடுதல் நேரம்?’ என்று கேட்கத் தோன்றுகிறது.

2013-ல் மத்திய அரசு வகுத்த விதி இது: மாற்றுத்திறனாளி மாணவருக்கு மூன்று மணி நேரத் தேர்வில் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதல்.

2021 நீட் தேர்வு. எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவியின் விடைத்தாளை மற்றவர்களோடு சேர்த்தே வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அந்த நேரம் சலுகையல்ல, உரிமை என்றது தீர்ப்பு. ஆனால், மறுதேர்வு கிடைக்கவில்லை!

2017-ல் தமிழக அரசு ‘மாநில முதலிடம்’ அறிவிப்பையே நிறுத்தியது. மார்க் ஓட்டம் மட்டும் நின்றபாடில்லை.

உங்கள் பிள்ளைக்கும் நேரம் போதவில்லையா? கேள்வித்தாளோடு சண்டை போடுங்கள். அந்தப் பையனின் கடிகாரத்தைப் பிடுங்காதீர்கள்.