கொக்கி கழன்றால் யார் பிடிப்பது?

போன கோடையில் நண்பன் ஒருத்தன் டென்வரில் இருந்து கிராண்ட் ஜங்ஷனுக்கு வீடு மாற்றினான். அவனிடம் ஓர் ஓடாத பழைய கார் உண்டு. விற்கவும் மனசில்லை, ஓட்டவும் முடியாது. ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்து அதில் காரை ஏற்றி, பிக்கப் டிரக்கில் மாட்டி இழுத்துக்கொண்டு போவதாகத் திட்டம். ஒத்தாசைக்கு நான். ரெண்டு பேருக்கும் டிரெய்லர் இழுத்து முன் அனுபவம் சுத்தமாகக் கிடையாது. ரெண்டு பேரும் இன்ஜினியர்கள் வேறு, கேட்கவா வேண்டும்!

கடையில் முதல் சோதனை. டிரக்கின் பின்னால் இருந்த உருண்டை 2 இஞ்ச். டிரெய்லரின் கிண்ணம் 2 5/16 இஞ்ச் உருண்டைக்கானது. மேலே வைத்தால் அழகாக உட்கார்ந்துகொள்கிறது, பூட்டும் விழுகிறது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. முதல் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது கிண்ணம் உருண்டையை விட்டுக் கிளம்பிவிடும். கடைக்காரப் பெரியவர் குனிந்து உருண்டையில் பொறித்திருந்த எண்ணைப் படித்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... அதை விடுங்கள். கூடவே டிரக்கின் ஹிட்ச் எந்த வகுப்பு என்றும் கேட்டார். முதல் வகுப்பு ஹிட்ச் என்றால் 2000 பவுண்டு, இரண்டாம் வகுப்பு 3500, மூன்றாம் வகுப்பு 5000 என்று ஒரு கணக்கு உண்டு. டிரெய்லரும் காரும் சேர்ந்து 5000-ஐத் தொட்டன. அதனால் ஹிட்சும் உருண்டையும் மாறின. மொத்த எடையில் பத்தில் இருந்து பதினைந்து சதவீதம் ஹிட்ச் மேல் அழுந்துகிற மாதிரி காரை முன்னே நகர்த்தினோம். அது குறைந்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடுமாம். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே மாட்டினோம். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

எல்லாம் முடிந்தது என்று பார்த்தால் ஒரு சின்னக் கம்பிக் கயிறு மிச்சம். ஒரு முனை டிரெய்லரில் ஒரு சின்னப் பெட்டிக்குள் செருகியிருந்த பின்னில். இன்னொரு முனையை டிரக்கில் மாட்ட வேண்டும்.

"சங்கிலியே ரெண்டு இருக்கு, இது எதுக்குடா? விடு, லேட்டாவுது" என்றான் நண்பன்.

எனக்கு ஆர்மா ஞாபகம் வந்துவிட்டது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ரோல்ட் எழுதிய "ரெட் ஃபார் டேஞ்சர்" என்ற ரயில் விபத்துப் புத்தகத்தில் முதன்முதலில் படித்தது. படித்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கதையைத்தான் அவனுக்கு அங்கேயே, வெயிலில் நின்றபடி சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாக.

1889 ஜூன் 12. அயர்லாந்தில் ஆர்மா என்கிற ஊர். மெதடிஸ்ட் சர்ச்சின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடாந்திரச் சுற்றுலா. சுமார் 24 மைல் தள்ளி வாரன்பாயிண்ட் என்ற கடற்கரை ஊருக்கு ஸ்பெஷல் ரயில். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம், ஏறக்குறைய 940 பேர். அதில் அறுநூறு பேர் குழந்தைகள். பெட்டிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் 15 ஆனது. இத்தனை பெட்டி வேண்டாம் என்று டிரைவர் மறுத்துப் பார்த்தார், எடுபடவில்லை. டிக்கெட் இல்லாதவர்கள் ஏறக்கூடாது என்று கதவுகளைப் பூட்டிவிட்டார்கள்.

ஊரைத் தாண்டியதும் மூன்று மைலுக்கு ஏற்றம். பெரும்பகுதி 75 அடிக்கு ஓர் அடி உயர்கிற சரிவு. உச்சி கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிட்டது. பின்னால் இருபது நிமிட இடைவெளியில் வழக்கமான பயணிகள் ரயில் வர வேண்டும். அது வரும்வரை காத்திருந்து, அதன் எஞ்சினால் பின்னாலிருந்து தள்ளச் சொல்லியிருக்கலாம். பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் எலியட் என்ற கம்பெனி குமாஸ்தா வேறு முடிவெடுத்தார். ரயிலை இரண்டாக வெட்டுவது. முன் ஐந்து பெட்டிகளை முதலில் அடுத்த ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எஞ்சின் திரும்பி வந்து பின் பத்தை இழுத்துப்போகும்.

இங்கேதான் பிரேக் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் உண்டு. எல்லாவற்றையும் ஒரு குழாய் இணைக்கும். டிரைவர் பிரேக் போட வேண்டுமென்றால் எஞ்சின் அந்தக் குழாயில் இருந்து காற்றை உறிஞ்சும். வெற்றிடம் உண்டாகும், பிரேக் பிடிக்கும். இதற்கு சாதா வேக்குவம் பிரேக் என்று பெயர். அதாவது வெற்றிடம் இருந்தால் பிரேக், இல்லாவிட்டால் பிரேக் இல்லை. இப்போது ஐந்தாவது பெட்டிக்கும் ஆறாவது பெட்டிக்கும் நடுவே கொக்கியைக் கழற்றுகிறீர்கள். குழாயையும் பிரிக்க வேண்டும். பிரித்த நொடியில் பின் பத்துப் பெட்டிகளின் பிரேக்கும் விட்டுவிடும். எந்த நேரத்தில் பிரேக் உயிர்போகிற மாதிரித் தேவையோ, சரியாக அந்த நேரத்தில் அது இல்லாமல் போகிற டிசைன்!

மிச்சம் இருந்தது கடைசி வேனில் கார்டு கையால் சுற்றுகிற ஒரே ஒரு பிரேக். அதோடு சக்கரத்துக்கு அடியில் சில கற்கள்.

கொக்கியைக் கழற்றினார்கள். முன்பகுதி புறப்படும்போது ஓர் அடி, ஒன்றரை அடி பின்னால் சரிந்தது. ஏற்றத்தில் கார் எடுக்கும்போது நமக்கும் நடப்பதுதான். அந்தச் சின்ன இடி பின் பத்துப் பெட்டிகளைத் தொட்டது. கற்கள் நொறுங்கின. கைப்பிரேக் தாங்கவில்லை. பத்துப் பெட்டிகள் மெதுவாக, அப்புறம் வேகமாக, வந்த வழியே கீழே உருள ஆரம்பித்தன. கதவுகள் பூட்டியிருந்தன. சிலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஒரு மைலுக்கு மேல் ஓடி, மணிக்கு சுமார் 40 மைல் வேகத்தில், எதிரே ஏறி வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. அந்த டிரைவர் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார், பலனில்லை. 80 பேர் செத்தார்கள். இருநூறுக்கும் மேல் காயம்.

இதில் இன்னொரு கொடுமை. எதிரே வந்த ரயிலிலும் அதே சாதா பிரேக். மோதலில் அதன் எஞ்சின் கவிழ்ந்து ரயில் துண்டானது. அந்தத் துண்டுகளும் ஆர்மாவை நோக்கிப் பின்னால் ஓட ஆரம்பித்தன. நல்லவேளை, கைப்பிரேக் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

எலியட் மேல் வழக்கு நடந்தது. முதல் ஜூரி முடிவுக்கு வரவில்லை, இரண்டாவது ஜூரி விடுவித்தது. எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வருவதில்லை. அப்படியொரு டிசைனைக் கையில் கொடுத்துவிட்டு, மேட்டில் நின்று யோசி என்றால் யாராவது ஒருத்தர் என்றைக்காவது இப்படித்தான் யோசிப்பார்.

இத்தனைக்கும் மாற்று வழி பதினாறு, பதினேழு வருஷமாகவே இருந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல், 22 வயசில், ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். (எனக்கு 22 வயசில் அரியர் இருந்தது.) அவருடைய முதல் டிசைனிலும் இதே ஓட்டைதான். காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும், குழாய் அறுந்தால் போச்சு. அவரே இதைப் புரிந்துகொண்டு அடுத்த சில வருஷத்தில் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் இறங்கினால், ஒவ்வொரு பெட்டியும் தன் தொட்டியில் சேர்த்துவைத்த காற்றைக்கொண்டு தானே பிரேக் போட்டுக்கொள்ளும். கொக்கி அறுந்தால் முன்பாதியும் நிற்கும், பின்பாதியும் நிற்கும். வேக்குவம் பிரேக்கிலும் இதே மாதிரித் தலைகீழ் வடிவம் வந்துவிட்டது. நம்ம ஊர் ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் நடப்பதும் இதுதான். சங்கிலி டிரைவரிடம் அனுமதி கேட்பதில்லை, நேராகக் குழாயில் ஓர் ஓட்டை போடுகிறது.

பிரிட்டனில் 1875-இலேயே நியூவார்க் பக்கத்தில் பிரேக்குகளை வரிசையாக ஓடவிட்டுச் சோதித்தார்கள். தானியங்கி பிரேக் போடுங்கள் என்று அரசின் ரயில்வே ஆய்வாளர்கள் விபத்துக்கு விபத்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். கம்பெனிகள் செலவைக் காட்டின. சின்னக் கசிவு வந்தாலும் தேவையில்லாமல் ரயில் நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது வாதத்தை நான் ஆபீஸ் மீட்டிங்கில் வேறு வார்த்தைகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் தெரியுமா? நானே சொல்லியும் இருக்கிறேன்.

ஆர்மாவுக்குப் பிறகு வாதமெல்லாம் நின்றது. 1889 ஆகஸ்ட் 30-ஆம் தேதி சட்டம் வந்துவிட்டது. விபத்து நடந்து 79 நாள். பயணிகள் ரயில் அத்தனைக்கும் தொடர் தானியங்கி பிரேக் கட்டாயம். முன்னால் போன ரயில் பகுதியைத் தாண்டாமல் அடுத்ததை விடக்கூடாது என்பதும் கட்டாயம். அமெரிக்காவில் சரக்கு ரயில் ஊழியர்கள் பெட்டிகளுக்கு நடுவே நின்று கையால் வளையமும் ஆணியும் மாட்டி விரல்களை இழந்துகொண்டிருந்தார்கள். விரல்களைக் கொக்கிபோல் கோத்த மாதிரி தானாகப் பூட்டிக்கொள்ளும் ஜேனியின் கொக்கிக்கு 1873-இலேயே காப்புரிமை. சட்டம் வந்தது 1893-இல். கொக்கி, பிரேக் இரண்டும் அந்த ஒரே சட்டத்தில்.

இன்றைக்கு ரோட்டில் போகிற பெரிய டிரெய்லர் லாரிகளுக்கும் இதுதான் வம்சம். உள்ளே கனமான ஸ்பிரிங் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும், காற்றழுத்தம்தான் அதைத் தள்ளிப் பிடித்து சக்கரத்தை ஓடவிடுகிறது. எங்கள் டிரெய்லர் மாதிரிச் சின்னவற்றில் கம்பிக் கயிறு. டிரெய்லர் பிரிந்து ஓடினால் பின் உருவப்படும், பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி டிரெய்லரின் மின்சார பிரேக்கைப் போடும். வர்த்தக வாகனங்களுக்கான அமெரிக்க விதியில், பிரிந்த டிரெய்லரின் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்றே இருக்கிறது.

கதையைக் கேட்டுவிட்டு நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"பேட்டரி செத்திருந்தா?"

அட! வெஸ்டிங்ஹவுஸ் டிசைனில் சக்தி போனால் பிரேக். இதில் சக்தி இருந்தால்தான் பிரேக். உள்ளுக்குள் இது இன்னும் ஆர்மா ரகம்தான். பின்னை உருவிவிட்டு, நான் டிரக்கை மெதுவாக ஓரடி முன்னே எடுத்தேன். சக்கரம் தேய்ந்துகொண்டு வர வேண்டும்.

ஜம்மென்று உருண்டு வந்தது.

பெரியவர் பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். பேட்டரியில் உயிரே இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்ப் புதுசு கொண்டுவந்து மாட்டினார். மறுபடி பின்னை உருவினோம். இந்தத் தடவை டிரக் முக்கியது, டிரெய்லர் சக்கரங்கள் சரளையில் கோடு கிழித்தன. பின்னைச் செருகிவிட்டுக் கிளம்பினோம்.

ஐசனோவர் சுரங்கத்தைத் தாண்டினால் மேற்கே இறக்கம், 6, 7 சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று ஓரத்தில் சரளைக்கல் மேடு கட்டி வைத்திருக்கிறார்கள். நண்பன் கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டு வந்தான். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆர்மாவில் 75-க்கு 1 என்றால் 1.33 சதவீதம்தான்.

ஆர்மாவில் 2014-இல், விபத்தின் 125-ஆம் ஆண்டில், ஒரு சிலை வைத்தார்கள். கடற்கரையில் மணல் அள்ளி விளையாட, கையில் வாளியும் சின்ன மண்வெட்டியும் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி நிற்கிறாள்.