மறக்கச் சொல்லாத மருத்துவர்

முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளிலிருந்து திரும்பிய வீரர்கள் பலருக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கை கால் நடுங்கியது. சிலருக்குப் பேச்சே நின்றுபோனது. கண்ணை மூடினால் பயங்கரக் கனவுகள். 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் இதற்கு நிலைத்தது.

ராணுவத்தில் பலர் இதைக் கோழைத்தனம் என்றே நினைத்தார்கள். லண்டனில் லூயிஸ் யீலண்ட் என்ற மருத்துவர், வாய் பேசாத சிப்பாயின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேச வைத்தார். இதுவும் சிகிச்சைதானாம்!

எடின்பரோவில் கிரெய்க்லாக்கார்ட் என்ற ராணுவ மருத்துவமனையில் 1916-ல் சேர்ந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் வேறு ரகம். (நீலகிரிக்கு வந்து தோடர்களை ஆராய்ந்து 1906-ல் பெரிய புத்தகம் எழுதினாரே, அதே ரிவர்ஸ்தான்.) அங்கே வந்த அதிகாரிகளிடம் எல்லோரும் சொல்லியிருந்த அறிவுரை ஒன்றுதான்: “நடந்ததை மறந்துவிடு.” அவர்களும் பகலெல்லாம் முயன்று நினைவை விரட்டினார்கள். விரட்டிய நினைவு இரவில் இன்னும் கொடூரமாகத் திரும்பி வந்தது. நோயை வளர்ப்பதே இந்த அறிவுரைதான் என்று ரிவர்ஸ் கண்டார். எதிரில் உட்கார்ந்து அவர்களைப் பேசச் சொன்னார். அதற்காக நாள் முழுதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கவும் விடவில்லை. அந்த நினைவில் தாங்கிக்கொள்ளக்கூடிய ஏதாவது ஒரு பக்கத்தைத் தேடிக் காட்டுவதுதான் அவர் முறை.

ஓர் அதிகாரி, குண்டில் சிதறிய நண்பனின் உடலைக் கண்டவர். அப்படிச் சிதறியதே நண்பன் வேதனை அறியாமல் நொடியில் இறந்ததற்குச் சாட்சி என்றார் ரிவர்ஸ். அதன்பிறகு பல இரவுகள் அந்தக் கனவு வரவில்லை. பிறகு வந்த ஒரு கனவில் அவர் நண்பனின் அருகில் மண்டியிட்டிருந்தார்; இன்னொரு கனவிலோ நண்பனோடு பேசிக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் இது பலிக்கவில்லை. குண்டு தூக்கியெறிந்ததில், பல நாள் அழுகிய ஜெர்மானியப் பிணத்தின் வயிற்றில் முகம் புதைய விழுந்தவர் ஒருவர். அந்த நினைவில் தேற்றிக்கொள்ள எதுவுமே இல்லை என்பதை ரிவர்ஸ் மறைக்காமல் எழுதினார். அவரை ராணுவத்திலிருந்தே விலகச் சொல்லிவிட்டார். தன் தோல்வியை இப்படி எழுதி வைக்க எத்தனை மருத்துவர்களுக்கு மனம் வரும்? 1917 டிசம்பரில் லண்டன் மருத்துவர் கூட்டத்தில் வாசித்த இந்தக் கட்டுரை 1918-ல் லான்செட்டில் வெளியானது.

ஆனால் அந்த மருத்துவமனையின் வேலை, குணமானவர்களைத் திரும்பப் போருக்கு அனுப்புவது! 1917-ல் போரை எதிர்த்து வெளிப்படையாக அறிக்கை விட்ட கவிஞர் சீக்ஃபிரிட் சசூன், ‘மனநோயாளி’ என்று அங்கே அனுப்பப்பட்டார். அவருக்குப் பெரிதாக எந்த நோயும் இல்லை என்பது ரிவர்ஸுக்குத் தெரியும். இருவரும் மாதக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் சசூன் போர்முனைக்கே திரும்பினார், 1918-ல் தலையில் குண்டடி பட்டும் பிழைத்தார்.

அந்த நாட்களில் போரைப் பற்றித் தனக்கு வந்த ஒரு கனவையும் ரிவர்ஸ் நோயாளியின் கனவைப் போலவே பிரித்து ஆராய்ந்தார். தன் மனதிலும் சசூனின் பக்கம் சாயும் ஒரு பகுதி இருந்ததை அதில் ஒப்புக்கொண்டார். அவர் 1922-ல் இறந்த பிறகு, அடுத்த ஆண்டு வந்த புத்தகத்தில் அது இருக்கிறது.