திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஆவணச் சான்று

நம்பியாரூரர் தடுத்தாட்கொள்ளப்பெற்ற வரலாற்றைச் சைவ நன்மக்கள் யாவரும் அறிவர். அதனுள் ஒரு வழக்கு விசாரணை முற்றும் அடங்கியிருத்தலை ஊன்றி நோக்குவார் சிலரே. சேக்கிழார் பெருமான் இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர்; ஆதலின் அவர் காட்டும் அவைநடை சோழர்கால ஊரவைகளின் வழக்கை ஒட்டியதெனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஆளோலை என்பதும் புலவர் புனைவன்று. 1201-ஆம் ஆண்டில் வற்கடத்தால் நலிந்த வேளாளர் ஒருவர், தம்மையும் தம் புதல்வியர் இருவரையும் திருப்பாம்புரத் திருக்கோயிலுக்கு விற்றமையைக் கல்வெட்டுக் கூறுகின்றது. எனவே முதியவர் காட்டிய ஓலை மெய்யாயின், ஆரூரர் மட்டுமன்றி அவர் மரபினரும் வழித்தொண்டு செய்தற்கு உரியராவர். மணக்கோலத்தில் நின்றார்க்கு இஃது எத்துணைப் பேரிடர் என்பது கூறவேண்டா.

வழக்குரைத்த முதியவர் ஆயத்தமின்றி வந்தவரல்லர். புத்தூர் மணப்பந்தரில் அவர் கையிலிருந்தது படியோலையே. மூலவோலையை அவைக்கென மறைத்துக் காத்தார். ஆரூரர் வெகுண்டு பற்றிக் கீறியது அப் படியோலையே. அச்செயல் அவர்க்குச் சிறிதும் உதவிற்றில்லை. அவையத்தார், வலிந்து கிழித்தலால் வெற்றி வந்துவிடுமோ என அவரையே வினவினர். ஆரூரரோ, தாம் ஆதிசைவர் என்பதை அவையோரே அறிவர் என்றும், இம் முதியவர் கூறுவது தம் உணர்விற்கு எட்டாத மாயை என்றும் மட்டுமே மொழிந்தார். அன்று அவைமுன் தாம் வன்சொற் கூறியதையும், அதனால் வன்றொண்டர் என்னும் பெயர் பெற்றதையும் அவரே திருநாவலூர்ப் பதிகத்துள் குறித்துள்ளார்.

ஈண்டு அவையத்தாரின் நடுவுநிலை வியக்கத்தக்கது. அந்தணர் பிறர்க்கு ஆளாதல் உலகவழக்கன்று என்பது அவர்தம் கருத்து. ஆயினும் அதனையே தீர்ப்பாக்கிவிடவில்லை. ஓலையைக் கிழித்ததனைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளவுமில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் நிறுவுக என முதியவரைப் பணித்தனர். மெய்ப்பிக்கும் பொறை வழக்குத் தொடுத்தார் மேலதாயிற்று. முதியவரும் விழிப்புடன், இவன் மீண்டும் வன்மை செய்யானாயிற் காட்டுவேன் என்றார். அதற்கு இடங்கொடோம் என அவையோர் உறுதி கூறிய பின்னரே மூலவோலை வெளிப்பட்டது.

கரணத்தான் அதனை வாங்கிச் சுருளை விரித்து, அதன் தொன்மையை நோக்கி, யாவருங் கேட்ப வாசித்தான். மேலெழுத்திட்டோர் எழுத்துக்கள் ஒக்கும் எனத் தெளியப்பட்டன. அடுத்து, இது நும் பாட்டனார் எழுத்தாமோ பாரும் என ஆரூரரிடங் கூறினர். முதியவர் இதற்கு உடன்பட்டிலர். வழக்கில் தோற்றற்குரிய ஒருவனோ எழுத்தின் உண்மையைத் துணிவான்? அவன் பாட்டன் எழுதிய வேறோர் ஓலையைக் கொணர்ந்து ஒப்பிடுக என்பது அவர் தடை. முறையான தடையே. காப்பிலிருந்த மற்றோர் ஓலை கொணரப்பட்டது, இரண்டும் ஒத்தன. ஐயுற்ற எழுத்தை உண்மையென ஏற்கப்பட்ட எழுத்தோடு ஒப்பிடும் இம் முறை, 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 73-ஆம் பிரிவிலும் இடம்பெற்றிருந்தது.

ஆரூரர் தோற்றார், ஏவல் செய்தலே கடன் என அவையோர் முடிவுகூற, விதிமுறை இதுவாயின் இசையேன் என மறுத்தல் தமக்கு இயலாதென்று அவரும் பணிந்தார். ஒன்று மட்டும் அவையத்தார் பிற்படச் செய்தனர். இவ்வூரினர் என ஓலையிற் குறிக்கப்பட்டவரின் மனை எங்குளது என்பதை முன்னரே உசாவாது, தீர்ப்பிற்குப் பின்னரே வினவினர். அதனைக் காட்டுவேன் என முதியவர் முன்னே நடக்க, அவையோரும் ஆரூரரும் பின்தொடர்ந்தனர். அவர் திருவருட்டுறைத் திருக்கோயிலுட் புக்கார். பின்னர் ஒருவரும் அவரைக் கண்டிலர்.