ராணிக்கு ஒரு புத்தாண்டுப் பரிசு

ராஜாவின் சட்டையை யார் தைப்பது? இங்கிலாந்தின் சரித்திரத்தில் இது ஒரு பெரிய விவகாரமாக இருந்த காலம் உண்டு.

1530-ஆம் வருஷம். எட்டாம் ஹென்றி தன் பட்டத்து ராணி காதரினை விலக்கிவிட்டு ஆன் போலீனை மணப்பதென்று தீர்மானித்து, அதற்காகப் போப்பாண்டவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தான். வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், வீட்டுக் காரியம் ஒரு பக்கம் நடக்கட்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது. சட்டைக்கு வேண்டிய லினன் துணியை வழக்கம்போல் காதரினுக்கே அனுப்பிக்கொண்டிருந்தான். அவளும் வழக்கம்போலத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஆன் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். துணியைக் கொண்டுபோனவனைக் கூப்பிட்டு அவள் வைத வசவு, லண்டனில் இருந்த ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் தூதர் சப்புயி எழுதிய கடிதத்தில் இடம் பெற்றிருக்கிறது. எனக்கு ஆனிடம் கொஞ்சம் அனுதாபம் உண்டு. போப்பாண்டவரின் முத்திரையைவிட அந்தச் சட்டைத் தையல்தான் பலமான முடிச்சு என்பதை அவள் ஒருத்திதான் புரிந்துகொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, 1532 ஜனவரி முதல் தேதி. இங்கிலாந்து அரண்மனையில் அக்காலத்தில் பரிசு கொடுக்கும் நாள் கிறிஸ்துமஸ் அல்ல, புத்தாண்டு நாள்தான். காதரின் ஒரு தங்கக் கிண்ணத்தை அனுப்பினாள். ஹென்றி வாங்க மறுத்துவிட்டான். ஆன் அனுப்பிய அலங்கார ஈட்டிகளைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பொன்னும் வெள்ளியும் இழைத்த திரைகளும் கருஞ்சிவப்பு ஸாடினுமாக ஓர் அறை நிறைய அனுப்பினான். விவாகம் ரத்தாகி ஆணை பிறக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. ஆனாலும் அன்று பரிசுகள் வந்த கூடத்தில் நின்றவர்களுக்கு விஷயம் முடிந்துபோனது தெரிந்திருக்கும்.

இந்த அரண்மனையில்தான் எலிஸபெத் பிறந்தாள், 1533 செப்டம்பர் 7-ஆம் தேதி. இரண்டு வயது எட்டு மாதம் ஆனபோது தகப்பன் தாயின் தலையை வெட்டுவித்தான். 1536 மே 19. குழந்தையின் பட்டம் பறிபோயிற்று. அவளை வளர்த்து வந்த பிரையன் சீமாட்டி அந்த வருஷம் மந்திரி கிராம்வெலுக்கு ஒரு கடிதம் எழுதினாள். இந்தக் குழந்தையை இனி எப்படி நடத்துவது, எந்த அந்தஸ்தில் வைப்பது என்று கேட்டுவிட்டு, உடுத்தத் துணி இல்லை என்று எழுதினாள். மேலங்கி இல்லை, பாவாடை இல்லை, உள்ளாடை இல்லை, கைக்குட்டை இல்லை என்று அது நீண்டுகொண்டே போகிறது. பெரிய எழுத்தில் அச்சாகிற சட்டங்களைவிட இந்த மாதிரித் துணிக் கணக்குகளில்தான் சரித்திரம் எனக்குக் கண்முன் நிற்கிறது.

துணி இல்லாதிருந்த அந்தக் குழந்தை மூன்று வருஷத்துக்குள் இன்னொரு குழந்தைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தது. 1539 புத்தாண்டில் தம்பி எட்வர்டுக்கு வந்த பரிசுகளின் ஜாபிதா இருக்கிறது. மூத்தவள் மேரி கொடுத்தது கருஞ்சிவப்பு ஸாடினில் பூவேலை செய்த கோட்டு. எலிஸபெத் கொடுத்தது கேம்பிரிக் என்னும் மெல்லிய துணியில் ஒரு சட்டை, அவளே தைத்தது. அவளுக்கு அப்போது வயது ஐந்து. யாராவது பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைப் பிடித்துக்கொடுத்திருப்பார்கள், வாஸ்தவம்தான். ஆனால் கோட்டு வாங்கப் பணமில்லாத இடத்தில் கை இருக்கிறது என்ற பாடத்தை அந்த வயதிலேயே அவள் படித்துவிட்டாள்.

1543-ல் ஹென்றி ஆறாவது தடவையாக மணந்தான். வந்தவள் காதரின் பார். படித்தவள், நிதானமானவள், மதச் சீர்திருத்தத்தில் நாட்டமுள்ளவள். மூன்று தாய்களுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளையும் அணைத்துக்கொள்ளப் பார்த்தாள். 1544-ல் பார்லிமெண்டு இயற்றிய ஒரு சட்டம், எட்வர்டுக்குப் பிறகு மேரி, மேரிக்குப் பிறகு எலிஸபெத் என்று வாரிசு வரிசையில் பெண்களுக்கு மறுபடியும் இடம் கொடுத்தது. ஆனால் முறைப்படி பிறந்தவர்கள் என்று அவர்களை ஒப்புக்கொள்ளவில்லை. இடம் உண்டு, மரியாதை இல்லை. அரசன் மனம் மாறினால் இடமும் போய்விடும்.

அந்த ஜூலையில் ஹென்றி பிரான்ஸ் மீது படையெடுத்துப் போய்விட்டான். காதரின் பார் அவன் ஸ்தானத்தில் இருந்து ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டாள். ஜூலை 31-ஆம் தேதி எலிஸபெத் அவளுக்கு இத்தாலிய பாஷையில் ஒரு கடிதம் எழுதினாள். ஒரு வருஷமாகத் தங்களைப் பார்க்க முடியவில்லை என்பதும், அரசருக்கு நேரே எழுத எனக்குத் துணிவு வரவில்லை, தாங்கள் எழுதும்போது என்னையும் நினைவூட்டுங்கள் என்பதும் அதன் சாரம். பத்து வயதுப் பெண் தகப்பனுக்கு எழுத அஞ்சி, மாற்றாந்தாயின் மூலம், அதுவும் அந்நிய பாஷையில் விண்ணப்பம் போடுகிறாள்.

இலையுதிர்காலம் வந்ததும் புத்தாண்டுப் பரிசைப் பற்றிய யோசனை வந்திருக்கும். என்ன கொடுப்பது? தங்கக் கிண்ணம் கொடுக்கலாமென்றால், அவள் கையில் புழங்குகிற காசெல்லாம் அரசன் காசு. ராணியிடம் இல்லாத தங்கமா? அவளிடம் இருந்தவை இரண்டு: பாடம், ஊசி. இரண்டையும் சேர்த்து ஒரு பரிசு செய்தாள்.

பிரெஞ்சு மன்னனின் சகோதரியான நவாரே ராணி மார்கரீத் எழுதிய ஒரு நீண்ட கவிதை உண்டு. பாவம் செய்த ஓர் ஆத்மாவின் கண்ணாடி என்பது தலைப்பின் பொருள். 1531-ல் வெளியான அந்தப் புத்தகத்தை 1533-ல் பாரிஸ் சர்வகலாசாலையின் மத பண்டிதர்கள் கண்டித்திருந்தார்கள். அதைத்தான் எலிஸபெத் எடுத்துக்கொண்டு, பிரெஞ்சுச் செய்யுளை ஆங்கில வசனமாக மொழிபெயர்த்து, தன் கையாலேயே அழகிய சாய்வெழுத்தில் பிரதி செய்தாள். சீர்திருத்தத்தில் பற்றுள்ள ஒரு ராணிக்கு இன்னொரு ராணி எழுதிய பக்தி நூல். சிறுமி யோசிக்காமல் தேர்ந்தெடுத்தாள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அந்தக் கவிதையில் ஓரிடம் வருகிறது. துரோகம் செய்த மனைவியை மன்னித்த கணவன் எங்கே இருக்கிறான், பழிவாங்குவதற்காக நீதிபதிகளைக் கொண்டு மனைவிக்கு மரண தண்டனை வாங்கிக்கொடுத்தவர்கள் உண்டு என்ற பொருளில் அமைந்த அடிகள். ஆன் போலீனின் மகள் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து அந்த அடிகளையும் மொழிபெயர்த்தாள். அவள் அங்கே நின்றாளா, எழுந்து ஜன்னலண்டை போனாளா என்றெல்லாம் நாவலாசிரியனுக்கு எழுதக் கை துறுதுறுக்கும். நான் எழுதப்போவதில்லை. மூலத்தில் இருந்ததை அவள் மொழிபெயர்த்தாள். அவ்வளவுதான்.

பிறகு அட்டை. ஏழு அங்குல உயரம், ஐந்து அங்குல அகலம். முரட்டுத் துணியின் மேல் இளநீலப் பட்டு நூலால் இடைவெளி இல்லாமல் நிரப்பித் தைத்து, அதன்மேல் பொன் ஜரிகையும் வெள்ளி ஜரிகையும் கோலத்தில் கம்பி இழுத்ததுபோல் பின்னிப் பின்னி ஓடுகின்றன. நடுவில் காதரின் பாரின் பெயருக்குரிய இரண்டு எழுத்துக்கள். நான்கு மூலையிலும் பான்ஸிப் பூ. இந்தத் தையலும் எலிஸபெத்தின் கைவேலையே என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். புத்தகம் இன்று ஆக்ஸ்போர்டில் பாட்லியன் நூல்நிலையத்தில் இருக்கிறது. நான் அதன் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன். படத்திலும் நீலம் தேய்ந்து தெரிகிறது.

புத்தகத்தோடு வைத்த கடிதத்தில், ஆஷ்ரிட்ஜ் மாளிகையிலிருந்து, 1544-ஆம் வருஷத்தின் கடைசி நாள் என்று தேதியிட்டிருக்கிறாள். இதில் ஒரு வேடிக்கை. அந்த நாட்டில் அப்போது சட்டப்படி வருஷம் பிறப்பது மார்ச் 25-ஆம் தேதி. 1752 வரையில் அப்படித்தான். ஆனால் பரிசு விஷயத்தில் ஜனங்கள் சட்டத்தைப் பார்க்கவில்லை. ஜனவரி முதல் தேதிதான் புத்தாண்டு. கடைசி நாள் வரை வேலை நடந்ததா, முன்பே முடிந்து கடிதம் மட்டும் பாக்கியா, யார் கண்டார்கள்! பண்டிகைக்கு முதல் நாள் ராத்திரி விளக்கடியில் பொத்தான் தைத்த அனுபவம் உள்ளவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடிதத்தில் அவள் கேட்பது இரண்டுதான். பிழைகளைத் தாங்களே திருத்திவிடுங்கள். திருத்துகிறவரையில் வேறு யாரும் பார்க்க வேண்டாம், என் தவறுகள் பலருக்குத் தெரிந்துவிடும். பாவம், நான்கே வருஷத்தில், 1548-ல், ஜான் பேல் என்ற மதச் சீர்திருத்தக்காரர் அதை அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டார்.

மறு வருஷம் பரிசு இன்னும் பெரியது. காதரின் பார் ஆங்கிலத்தில் வெளியிட்ட பிரார்த்தனைகளை லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மூன்று பாஷைகளில் பெயர்த்து, சிவப்புப் பட்டில் பூவேலை அட்டை போட்டு, இந்தத் தடவை தகப்பனுக்கே அனுப்பினாள். அதோடு வைத்த லத்தீன் கடிதம் ஒன்றுதான் அவள் ஹென்றிக்கு எழுதியவற்றுள் மிஞ்சியிருப்பது. எழுதத் துணிவில்லாதிருந்தவளுக்கு ஒன்றரை வருஷத்தில் துணிவு வந்துவிட்டது. ராணியின் நூலை ராஜாவுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தால் ஒரே ஊசியில் இருவர் மனத்தையும் தைக்கலாம் அல்லவா? 1547 ஜனவரியில் ஹென்றி இறந்தபோது எலிஸபெத்தின் பெயர் வரிசையில் அப்படியே இருந்தது.

1558-ல் அவள் ராணியானாள். இனிப் பரிசு வாங்குவது அவள் முறை. புத்தாண்டுதோறும் யார் என்ன கொடுத்தார்கள் என்று நீளச் சுருள்களில் எழுதிவைத்தார்கள். பிரபுக்கள் பணப்பையில் தங்க நாணயம் போட்டுக் கொடுத்தார்கள். ராணி பதிலுக்குப் பொன் முலாம் பூசிய வெள்ளிப் பாத்திரங்களை அவுன்ஸ் கணக்கில் நிறுத்துக் கொடுத்தாள். கைத்தொழில்காரர்கள் கைத்தொழிலைக் கொடுத்தார்கள். 1562-ல் தலைமைச் சமையற்காரர் பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்த சதுரங்கப் பலகை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அவள் பட்டத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், அரண்மனைக்குப் பட்டுச் சாமான் கொடுக்கும் மான்டேக் அம்மாள் கறுப்புப் பட்டு நூலில் பின்னிய காலுறை ஒரு ஜோடி கொடுத்தாளென்றும், ராணி அதைப் போட்டுப் பார்த்துவிட்டு இனித் துணிக் காலுறையே தொடமாட்டேன் என்றாளென்றும் ஸ்டோவின் சரித்திர நூல் சொல்கிறது. மான்டேக் அம்மாள் சமர்த்து. தங்களுக்காகவே செய்தது, பிடித்திருந்தால் இன்னும் செய்யச் சொல்கிறேன் என்றாளாம்.

ஆனால் எலிஸபெத்துக்கு வந்த கைவேலைகளில் எனக்கு மறக்காதது புத்தாண்டுச் சுருள்களில் இல்லை. அது சிறையிலிருந்து வந்தது.

ஸ்காட்லாந்து ராணி மேரி, எலிஸபெத்துக்கு உறவு, ஒன்பது வயது இளையவள். 1568-ல் சொந்த நாட்டிலிருந்து தப்பி அடைக்கலம் தேடி இங்கிலாந்துக்கு ஓடிவந்தாள். அடைக்கலம் காவலாயிற்று. அவள் எலிஸபெத்தின் சிம்மாசனத்துக்கு உரிமை கொண்டாடக் கூடியவள், கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. விட்டுவிடவும் பயம், வைத்துக்கொள்ளவும் பயம். 1569-ல் அவளைப் போய்ப் பார்த்த ஒருவரிடம், நாளெல்லாம் தைத்துக்கொண்டிருக்கிறேன், நூலின் வர்ணங்கள் மாறி மாறி வருவதால் பொழுது தெரியவில்லை, வலி எடுக்கும்போதுதான் நிறுத்துகிறேன் என்றாள்.

1574-ல் அவள் லண்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதருக்கு எழுதினாள். கருஞ்சிவப்பு ஸாடின் வேண்டும், நிறத்துக்கு மாதிரித் துண்டு அனுப்பியிருக்கிறேன், லண்டனில் கிடைப்பதிலேயே நல்லதாக இருக்கட்டும், மெல்லிய வெள்ளி ஜரிகை ஒரு பவுண்டு, எல்லாம் 15 நாளில் வந்து சேரவேண்டும். ராஜதந்திரம் பேச வேண்டிய தூதர் துணிக்கடையில் நிறம் பார்த்திருப்பார். துணி வந்தது. மேரி வெள்ளி ஜரிகையில் பூவேலை செய்து ஒரு பாவாடையாக்கினாள். தூதர் அதை எலிஸபெத்திடம் சேர்த்தார். ராணி வெகுவாக மெச்சிக்கொண்டாள் என்று பதில் எழுதினார்.

பாவாடை என்ன கேட்டது என்பது எலிஸபெத்துக்குப் புரியாமல் இருந்திருக்குமா? அந்தப் பாஷையை அவள் ஐந்து வயதில் கற்றவள். நேரே எழுத முடியாதவர்கள் ஊசியால் எழுதுவார்கள் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அரண்மனையில் யார்? அவள் இரக்கமில்லாதவள் என்று சொல்வது சுலபம். ஆனால் காதரின் பார் சிறுமிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது கொஞ்சம் அன்பும் ஒரு சிபாரிசும். எலிஸபெத் மேரிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது கதவைத் திறந்துவிடுவது. திறந்தால் தன் தலைக்கு ஆபத்து என்று மந்திரிகள் தினமும் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னதில் பொய் அதிகம் இல்லை.

மறு வருஷம் மேரி இரவில் அணியும் குல்லாய்கள் மூன்று அனுப்பினாள். அவற்றை வாங்கிக்கொள்வதா கூடாதா என்று மந்திரிசபையில் சலசலப்பு. கடைசியில் எலிஸபெத் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, என் வயதுக்கு வந்தவர்கள் வாங்குவதை இரண்டு கையாலும் வாங்குவார்கள், கொடுப்பதைச் சுண்டுவிரலால்தான் கொடுப்பார்கள், இதை உங்கள் ராணிக்குச் சொல்லுங்கள் என்று தூதரிடம் சிரித்தாளாம். அவளுக்கு அப்போது வயது 41.

இருவரும் ஒருவரை ஒருவர் கடைசிவரை நேரில் பார்க்கவில்லை. 1587 பிப்ரவரி 8-ஆம் தேதி காலை ஃபாதரிங்கே கோட்டையில் மேரியின் தலையை வெட்டினார்கள். தோழிகள் மேலே இருந்த கறுப்பு உடுப்பைக் கழற்றியபோது, உள்ளே அவள் கருஞ்சிவப்பில் உடுத்தியிருந்தாள்.