நாலே நாலு கேள்வி

‘ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீங்க?’

டாக்டர் இப்படிக் கேட்டால் எந்தக் குடிகாரர் உண்மையைச் சொல்வார்? ‘எப்பவாவது... ஃபிரெண்ட்ஸோட...’ என்று இழுப்பார். 1968-ல் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் ஜான் யூயிங் என்ற மனநல மருத்துவர், இந்தக் கேள்வியையே தூக்கிப் போட்டார். பதிலுக்கு நாலு கேள்வி.

குடியைக் குறைச்சுக்கணும்னு தோணியிருக்கா? யாராவது அதைக் குறை சொல்லி எரிச்சல் வந்திருக்கா? குற்ற உணர்ச்சி இருந்திருக்கா? காலையில் எழுந்ததும், நடுக்கம் அடங்க ஒரு பெக் போட்டதுண்டா?

இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றாலே டாக்டர் உஷாராகிவிட வேண்டும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கேஜ்’ என்று பெயர். கூண்டு! 1984-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அச்சானதும் உலகம் பூராவும் பரவிவிட்டது. ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலையாயிற்றே.

பிறகு இன்டர்நெட் வந்தது. ‘அந்த மாதிரி’ படங்களை நிறுத்த முடியவில்லை என்று டாக்டரிடம் போகிறவர்கள் வந்தார்கள். இவர்களுக்கும் ஒரு கூண்டு செய்தால் என்ன?

பேட்ரிக் கார்ன்ஸ் குழு 2012-ல் ‘பாத்தோஸ்’ என்று ஒன்றைச் செய்தது. செக்ஸ் அடிமைத்தனம் மொத்தத்துக்கும் ஆறு கேள்வி. அதில் ஒன்று: உங்கள் பாலியல் நடவடிக்கைகளில் சிலவற்றை மற்றவர்களிடமிருந்து மறைக்கிறீர்களா? மறைக்காமல் தண்டோரா போடுகிறவர் யார் சார்?

வில்லங்கமே இந்த வெட்கம், குற்ற உணர்ச்சி சமாசாரத்தில்தான். குடியில் அது உதவியது. இங்கே காலை வாரியது. ஜோஷுவா கிரப்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், மத நம்பிக்கையும் ‘இது பாவம்’ என்ற எண்ணமும் உள்ளவர்கள் தங்களை ‘அடிமை’ என்று சொல்லிக்கொள்வது அதிகம் என்று தெரிந்தது. அவருடைய குழு தயாரித்த ஒன்பது கேள்விப் பட்டியலிலேயே மூன்று கேள்விகள், பார்த்த பிறகு வெட்கமா, சோர்வா, அருவருப்பா என்பவை. மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு ராத்திரி பூரா அழுகிறவர் இதில் மார்க் வாங்கிவிடுவார். வேலை, குடும்பம் எல்லாம் கெட்டும் உறுத்தலே இல்லாதவர் சுலபமாகத் தப்பிவிடுவார். ஒருத்தருக்குத் தேவையில்லாத நோய்ப் பட்டம், இன்னொருத்தருக்குக் கிடைக்காத வைத்தியம்!

உலக சுகாதார நிறுவனத்துக்கும் இது புரிந்திருந்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை’யைச் சேர்த்தபோது, வெறும் ஒழுக்க உறுத்தலால் வரும் வேதனை மட்டும் போதாது என்று கறாராக எழுதிவிட்டார்கள்.

ஹங்கேரியின் பியாட்டா போத்தே குழுவினர் 2018-ல் தயாரித்த 18 கேள்விகளில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. ‘இனி பார்க்க மாட்டேன்’ என்று சத்தியம் செய்தால் எத்தனை நாள் தாங்குகிறது? யாராவது குறுக்கே வந்தால் பதற்றமா? மற்ற பொழுதுபோக்குகளைக் கைவிட்டாச்சா? இப்படிப் போகும். 2021-ல் அதை ஆறாகச் சுருக்கினார்கள். மொத்தம் 42 மார்க். 20 வாங்கினால் விசாரிக்க வேண்டிய கேஸ். அதுவும் நோய் என்ற தீர்ப்பு இல்லை, டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள் என்கிற சிபாரிசுதான்.

அமெரிக்காவின் ஷேன் கிராஸ் குழு 2020-ல் ஐந்தே கேள்வியில் முடித்தது. குற்ற உணர்ச்சி இதில் மறுபடி எட்டிப் பார்க்கிறது, ஆனால் கேள்வி வேறு: உறுத்தியும் தொடர்கிறீர்களா? பத்துக்கு நாலு வந்தால் கவனிக்க வேண்டும்.

42 நாடுகளில் 82,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இவற்றைச் சோதித்து 2024-ல் முடிவு வெளியானது. எல்லாம் தேறின. ‘வாரத்துக்கு எத்தனை தடவை?’ என்ற கேள்வி, யூயிங்கின் பட்டியலைப் போலவே, இவற்றிலும் கிடையாது.